அம்பத்தூர் மாலுமிக்கு ஓர் அரிச்சுவடி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்று ஊருக்கும் கடல் கிடையாது. கடல் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து, புளிசாதம் கட்டிக்கொண்டு, பஸ்ஸோ ரயிலோ பிடித்து மெரினாவுக்குப் போய், கால் நனைத்து, சுண்டல் தின்று, செருப்பைத் தொலைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். இப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்குக் கப்பல் பாஷை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நவம்பர், டிசம்பர் தவிர்த்து மற்ற பத்து மாதங்களில் கேட்டால் இன்னும் நியாயமாக இருக்கும்.

அந்த இரண்டு மாதத்தில் படகு வாசலுக்கே வந்துவிடுகிறது. வந்த படகில் எந்தப் பக்கம் ஏறுவது, எங்கே உட்காருவது, படகுக்காரர் எதற்காகக் கத்துகிறார் என்று ஒன்றும் புரியாமல், பத்திரப் பையை நெஞ்சோடு அணைத்தபடி முழிக்கிறோம். அதற்குத்தான் இந்த அரிச்சுவடி. வெறும் சொல்லை மனப்பாடம் செய்தால் மண்டையில் தங்காது. ஆகவே கொஞ்சம் சரித்திரத்தையும் கலந்து கொடுத்திருக்கிறேன். சரித்திரப் பேராசிரியர்கள் அடுத்த கட்டுரைக்குப் போய்விடலாம்.

பாடம் 1: ராஜாக்களும் உறுப்புகளும்

கப்பல் என்று வாயைத் திறந்தால் முதலில் பழம்பெருமை பேசியாக வேண்டும், பேசிவிடுவோம். 1-ஆம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர் கிரேக்க மொழியில் எழுதிவைத்த 'எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்', மரங்களைச் சேர்த்துக் கட்டிய 'சங்கரா' என்ற பெரிய கலங்கள் நம் கரையில் ஓடியதைக் குறிப்பிடுகிறது. 1025-ல் ராஜேந்திர சோழன் கடல் தாண்டிப் படை அனுப்பி, ஸ்ரீவிஜயத்தைப் புரட்டிப் போட்டு, கடாரம் கொண்டான் என்று பட்டமும் போட்டுக்கொண்டான். பிடித்த ஊர்களை ஒன்றுவிடாமல் மெய்க்கீர்த்தியில் அடுக்கியவர்கள், போன கப்பலுக்கு எத்தனை பாய், எத்தனை முழம் என்று ஒரு வரி சேர்க்கவில்லை. அதனால்தான் நம் சினிமாக்காரர்கள் சோழர் கப்பலை அவரவர் பட்ஜெட்டுக்குத் தக்கபடி கட்டிக்கொள்கிறார்கள்.

அளவு தெரியாவிட்டாலும் உறுப்புகளுக்குப் பெயர் உண்டு. படகின் முன்முனை அணியம். பின்முனை அமரம். இரண்டையும் அடியில் இணைத்து ஓடும் நீளக் கட்டை ஏரா. படகுக்கு முதுகெலும்பு அதுதான். அமரத்தில் தொங்கிக்கொண்டு திசை திருப்புவது சுக்கான். அதைப் பிடிப்பவர் சுக்காணி. நட்டு நிறுத்திய மரம் பாய்மரம். அதன் குறுக்கே பாயைத் தாங்கி நிற்கும் கழி பருமல்.

அப்புறம் இரண்டு கயிறுகள். பாயை மேலே ஏற்றுவது ஆஞ்சான். ஏற்றிய பாயின் முனையைப் பிடித்து, காற்றுக்கு ஏற்ப இழுத்தும் தளர்த்தியும் கொடுப்பது தாமான். குழப்பம் வந்தால் நம் அரசியலை நினைத்துக்கொள்ளுங்கள்: ஆளை மேலே ஏற்றிவிடுவது ஆஞ்சான், ஏறிய ஆள் காற்றடிக்கும் பக்கம் பார்த்துத் திரும்பிக்கொள்ள உதவுவது தாமான்.

இதே ராஜாக்கள் காலத்தில் இன்னொரு கூட்டம் கடல் பக்கமே போகாமல் ஏரி வெட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தொண்டை மண்டலத்தில் வற்றாத நதி கிடையாது. பெய்கிற மழையை ஏரிக்கு ஏரி நிறுத்தி, தேக்கி, அடுத்த ஊருக்குக் கைமாற்றிவிட்டால்தான் சோறு. அவர்களுக்கும் ஒரு பாஷை இருந்தது. மழைத் தண்ணீர் ஏரிக்கு வரும் வழி வரத்துக்கால். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் கதவு மதகு. ஏரி நிரம்பியதும் உபரி நீர் தானாக வழிந்து போக விட்ட தாழ்ந்த கட்டு கலங்கல். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு. அதுவும் நிரம்பினால் மாதவரம் ரெட்டேரிக்கு. இது பழைய ஏற்பாடு. தண்ணீர் இன்றும் அதைக் கடைப்பிடிக்கிறது. நாம்தான் இல்லை.

உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்த ஊர்ச் சபையில் ஏரி வாரியம் என்றே ஒரு குழு, ஆறு பேர், குடவோலையில் பெயர் எடுத்துத் தேர்வு. வயது 35-க்கு மேல், 70-க்குள். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் போட்டியிட முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களும் முடியாது. கடைசி விதியை மறுபடி ஒருமுறை படித்து, பெருமூச்சு விட்டுவிட்டு வாருங்கள். இன்றைக்கு நம் பக்கம் அந்த வாரியத்துக்கு ஆள் எடுத்தால் சொந்த மனை விதியிலும் சிக்கல் வரும். மனை இருக்கிறது, ஏரிக்குள் இருக்கிறது.

இந்த ஏரிகளில் படகும் ஓடியது. உல்லாசத்துக்கு இல்லை, தூர் வார. ஏரியில் ஓடம் விட்டுச் சேற்றை அள்ளிக் கரையில் கொட்டுவதற்கென்றே அறக்கட்டளை வைத்த கல்வெட்டுகள் உண்டு. அன்று படகு ஏரிக்குள் போய்ச் சேற்றை அள்ளிக்கொண்டு வந்தது. இன்று படகு ஏரிக்குள் வந்து நம்மை அள்ளிக்கொண்டு போகிறது. ஆயிரம் வருஷ நீர் மேலாண்மை வரலாறு இந்த இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் விவரம்.

பாடம் 2: நங்கூரம், அல்லது பிரான்சிஸ் டேயின் காதல்

1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் பிரான்சிஸ் டே, வியாபாரத் தலம் அமைக்க ஓர் இடம் தேடினார். துறைமுகம் இல்லாத, ஆறு சரியாகக் கடலில் கலக்காத, அலை ஆளை அடித்து வீழ்த்துகிற ஒரு மணல்வெளியைப் பார்த்து "இதுதான் சரி" என்றார். ஏன் என்பதற்கு ஒரு கிசுகிசு இத்தனை நூற்றாண்டாக ஓடுகிறது: பக்கத்தில் சாந்தோமில் அவருக்கு ஒரு காதலி. உண்மையோ பொய்யோ, சென்னையில் வீட்டு மனை தேர்ந்தெடுப்பதில் அன்று தொடங்கிய அறிவார்ந்த மரபு இன்றும் அறுபடவில்லை.

துறைமுகம் இல்லாததால் கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நின்றன. நங்கூரம் என்றால் கனமான இரும்புக் கொக்கி என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. வெறும் கனம் கப்பலை நிறுத்தாது. நங்கூரம் சாய்வாகக் கிடந்து தரையைக் கவ்வ வேண்டும். அதற்குத் தண்ணீரின் ஆழத்தைப்போலப் பல மடங்கு நீளத்துக்குக் கயிறு விட வேண்டும். ஆழத்தைப் பாகத்தில் அளப்பார்கள். இரண்டு கையையும் விரித்தால் விரல் முனைக்கு விரல் முனை ஒரு பாகம், ஏறத்தாழ ஆறு அடி. மேற்குப் புறநகரில் பாகம் வழக்கத்தில் இல்லை. கணுக்கால், முழங்கால், இடுப்பு, கழுத்து என்ற நான்கு அளவு போதும். ஐந்தாவது அளவு மொட்டை மாடி.

நங்கூரம் போட்ட கப்பலிலிருந்து கரைக்கு ஆளையும் மூட்டையையும் கொண்டுவந்தது மசூலா படகு. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு, ஆணி கிடையாது. அலை மோதினால் ஆணி அடித்த படகு பிளக்கும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். அதில் துரைமார்களும் துரைசானிகளும் பட்டுத் துணி நனைய, தொப்பி பறக்க, ஏசுவை அழைத்தபடி வந்து இறங்கினார்கள். படகு கவிழ்ந்தால் பொறுக்கியெடுக்கக் கூடவே கட்டுமரங்கள் போகும். வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697-ல் வெளியிட்ட பயண நூலில் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். அப்புறம் அந்தப் பெயர் உலகம் சுற்றப் போய்விட்டது. இதைச் சொல்லி மார் தட்டும் கட்டுரைகள் ஏராளமாக இருப்பதால் நாம் தாண்டிப் போவோம்.

ஊர் பிறந்து 236 வருஷம் கழித்து, 1875-ல், துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881-ல் புயல் வந்து கட்டியதை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். நம் ஊரில் ரோடு போடுகிற முறைக்கு இதுதான் முன்மாதிரியாக இருந்திருக்க வேண்டும்.

பாடம் 3: இடது, வலது, எதிர்க்காற்று

வெள்ளைக்காரன் இருக்கும் இடத்தில் கிளப் இருக்கும். 1867-ல் மெட்ராஸ் போட் கிளப். 1911-ல் ராயல் மெட்ராஸ் யாட் கிளப். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிவைத்தது. அவர்கள் பேசிய பாஷையில் இடது, வலது கிடையாது. இடப்புறம் போர்ட், வலப்புறம் ஸ்டார்போர்ட். முன்பு இடப்புறத்துக்கு லார்போர்ட் என்று பெயர். புயலில் கத்தும்போது ஸ்டார்போர்டா லார்போர்டா என்று புரியாமல் கப்பல் எதிலாவது போய் முட்டியது. 1844-ல்தான் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஞானோதயம் வந்து லார்போர்டைக் கைவிட்டது. அதற்குள் பாதி உலகத்தைப் பிடித்து முடித்திருந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

இரவில் இடப்புறம் சிவப்பு விளக்கு, வலப்புறம் பச்சை. இதை நினைவில் வைக்க இங்கிலீஷ்காரன் செய்யுள் எல்லாம் கட்டினான். நமக்குத் தேவையே இல்லை. இடதுசாரி என்றால் சிவப்பு. முடிந்தது.

வேகத்துக்கு நாட். 1 நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். முடிச்சுப் போட்ட கயிற்றைக் கடலில் விட்டு, குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை முடிச்சு கையை விட்டு ஓடியது என்று எண்ணியதால் வந்த கணக்கு. சாயங்காலம் ஆறரைக்குப் பாடி மேம்பாலத்தில் இந்தக் கயிற்றை விட்டால் முதல் முடிச்சே கையில் அப்படியே இருக்கும்.

காற்றுக்கும் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தெற்கிலிருந்து சோழகம். கச்சான் அடிக்கும்போது ஆவடியில் பாயை விரித்தால் நேரே எழும்பூர் போய்விடலாம். கொண்டல் அடித்தால் முடியாது. எந்தப் பாய்ப்படகும் காற்றின் முகத்துக்கு நேராகப் போகாது. பாயை ஒரு பக்கம் பிடித்துச் சாய்வாகக் கொஞ்ச தூரம், பிறகு மறுபக்கம் மாற்றிப் பிடித்துச் சாய்வாகக் கொஞ்ச தூரம் என்று வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். கடினமாகத் தோன்றினால் சி.டி.எச். சாலையில் ஷேர் ஆட்டோ போவதைப் பாருங்கள். அதேதான், காற்று மட்டும் இல்லை.

கிளப் துரைமார்களுக்கு அன்று ஏரியும் மைதானம். மாம்பலத்தில் நீள ஏரி என்று ஒன்று விரிந்து கிடந்தது. அதில் படகுப் போட்டி நடத்திக் கைதட்டினார்கள். 1920-களில் அந்த ஏரியைத் தூர்த்து மனை போட்டுத் தியாகராய நகர் ஆக்கினார்கள். படகு முந்தியடித்த ஏரியைத் தூர்த்த ஊரில் இன்று ரங்கநாதன் தெருவில் ஜனங்கள் முந்தியடிக்கிறார்கள். நகரத்துக்கு ருசி தெரிந்துவிட்டது: ஏரி என்பது தண்ணீர் வற்றினால் மனை. இந்த ருசியோடு மேற்கே கிளம்பியது.

பாடம் 4: கப்பல் இல்லாத காலம்

மேற்கே போனவர்கள் தண்ணீரை நினைக்கவே இல்லை. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது, 1959-ல் டன்லப் டயர், பிறகு தொழிற்பேட்டை. எல்லாம் சக்கரம் சம்பந்தப்பட்ட சிந்தனை. 1965-ல் ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி உருண்டு வந்தது. ஏரிக்கும் யுத்த வண்டிக்கும் இங்கிலீஷில் ஒரே பெயர் என்பதால், ஒன்றை மூடி இன்னொன்றைத் திறந்தால் கணக்குச் சரியாகிவிடும் என்று யாரோ நினைத்திருக்கலாம். பின்னாளில் அதே தொழிற்சாலையில் தயாரான டி-72 ரக டாங்கிக்கு மூக்குக்குழாய் ஒன்று மாட்டினால் சுமார் 5 மீட்டர் ஆழத் தண்ணீரின் அடியில் உருண்டு அக்கரை போய்விடும். மழைக்காலத்துக்கு உகந்த ஆவடி வாகனம் என்றால் அதுதான். ஆனால் பொதுமக்களுக்கு விற்பதில்லை.

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. நேரு, காமராஜர் எல்லோரும் இருக்க, சோஷலிச பாணி சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் போட்டார்கள். ஏழை பணக்காரன் வித்தியாசம் இருக்காது என்றார்கள். தீர்மானம் அமலுக்கு வரக் கொஞ்சம் தாமதமானது. 2015 டிசம்பரில் வில்லாவிலும் குடிசையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது.

இடையில் ஏரிகளுக்கு என்ன ஆயிற்று? நேர்மையாக ஒப்புக்கொள்ளும் முகவரி ஒன்று நம்மிடம் இருக்கிறது: 'முகப்பேர் ஏரித் திட்டம்'. ஏரியில் வீட்டுவசதித் திட்டம் போட்டு, அதற்கு ஏரித் திட்டம் என்றே பெயர் வைத்தார்கள். ஏமாற்றினார்கள் என்று யாரும் குறை சொல்ல முடியாது. ஆதார் அட்டையில் இருக்கிறது, கேஸ் புத்தகத்தில் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் இருக்கிறது. அப்படியிருந்தும் மழை பெய்தால் "தண்ணி எப்படி சார் இங்க வந்துச்சு?" என்று கேட்கிறோம். தண்ணீரும் அந்த முகவரியைப் பார்த்துத்தான் வந்தது.

பாடம் 5: செய்முறைத் தேர்வு

2015 நவம்பரில் சென்னை மிதந்தபோது, கார் அனுப்பும் ஓலா நிறுவனம் படகு அனுப்பியது. மீனவர்கள் துடுப்புப் போட, குடை கொடுத்து, இலவசமாக. காருக்குக் காத்திருந்த ஜனங்களுக்குப் படகு கிடைத்தது. டிசம்பர் 1, 2 தேதிகளில் நிலைமை முற்றியது. பூந்தமல்லிக்கு அருகே செம்பரம்பாக்கம் ஏரி. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. 1-ஆம் தேதி இரவு விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததாக அரசுக் கணக்கு. கன அடி புரியவில்லை என்றால் நமக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்: 12,000 லிட்டர் தண்ணி லாரி, விநாடிக்கு 68. கோடையில் ஒரு லாரிக்கு நான்கு நாள் முன்பே பதிவு செய்து, குடத்தோடு காத்திருந்தோமே, அதே லாரி. அந்தத் தண்ணீர் அடையாற்றில் இறங்கி அந்தப் பக்கம் போய்விட்டது. இந்தப் பக்கத்து ஏரிகள் தங்கள் பங்கைத் தாங்களே பார்த்துக்கொண்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. லேத்தும் டிரில்லிங் மெஷினும் நீச்சல் பழகின.

படகுகள் கடற்கரைக் குப்பங்களிலிருந்து லாரியேறி வந்தன. கடலில் போக வேண்டியது சாலையில் வந்து, சாலையில் போக வேண்டியதெல்லாம் மிதந்துகொண்டிருந்த இடத்தில் இறங்கியது. கொரட்டூர் பக்கம் ஓர் அடுக்குமாடியில் நடந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்:

"சார், அமரத்தாண்ட வராத. அணியத்துல குந்து."

"ஈசானியத்துலயா?"

"அணியம் சார், அணியம்! மூஞ்சிப் பக்கம்."

"எங்க வீட்டு மூஞ்சி கிழக்கு. உன் படகு வடக்கப் பார்த்து நிக்குதே. சரி, வடக்கு குபேரன் திசை, பரவால்ல."

"யம்மா, ரெண்டு பேரும் ஒரே பக்கம் சாயாதீங்க, கவுந்துக்கும்!"

"முப்பது வருஷமா அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கந்தான் தம்பி. நீ பயப்படாம ஓட்டு."

இந்த உரையாடலில் மூன்று பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, அமரம் படகோட்டியின் இடம். பயணி அங்கே போய் நின்றால் சுக்கானும் திரும்பாது, துடுப்பும் அசையாது. இரண்டு, பாரம் கீழே, நடுவே இருக்க வேண்டும். பெரிய கப்பலில் இதற்கென்றே அடிப்பாரமாகக் கல்லும் மண்ணும் ஏற்றுவார்கள். நம் படகில் அந்த வேலையை மிக்ஸி, கிரைண்டர், பீரோவிலிருந்து எடுத்த பட்டுப்புடவை மூட்டை ஆகியவை செய்யும். மூன்று, ஏறும்போது நிற்காதீர்கள்; குனிந்து, விளிம்பைப் பிடித்து, நடுவில் கால் வைத்து உடனே உட்காருங்கள். செல்ஃபி கரையேறிய பிறகு.

இனி இரண்டு அளவுகள். ஒரு படகு தண்ணீருக்குள் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பது முதல் அளவு. தண்ணீருக்கு மேலே எவ்வளவு விளிம்பு மிச்சம் இருக்கிறது என்பது இரண்டாவது. ஆள் ஏற ஏற முதலாவது கூடும், இரண்டாவது குறையும். தெருவில் ஓடும் படகுக்கு அடிப்பாகம் தட்டையாக இருப்பது நல்லது. கீழே மூழ்கியிருப்பது கடல் மணல் இல்லை. மாருதி காரின் கூரை, காம்பவுண்டு சுவரின் கம்பி, மூடியில்லாத பாதாளச் சாக்கடை. மோட்டார் வைத்த ரப்பர் படகில் பேரிடர் மீட்புப் படையினர் வந்தாலும், குறுகிய தெருவில் மோட்டாரைத் தூக்கிவிட்டுத் துடுப்பைத்தான் எடுப்பார்கள். விசிறியில் துணிக்கொடி சுற்றிக்கொண்டால் மீட்க வந்தவரை மீட்க இன்னொரு படகு வேண்டும்.

படகு வராத தெருக்களில் மக்களே கப்பல் கட்டும் தளம் திறந்தார்கள். பிளாஸ்டிக் டிரம், வாழைத்தண்டு, கல்யாண அண்டா, தெர்மாகோல். தெர்மாகோல் என்றதும் 2017-ல் வைகை அணையில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அதை மிதக்கவிட்டதை நினைத்துச் சிரிக்க வேண்டாம். அங்கே தண்ணீரைக் காப்பாற்ற அது போதவில்லை, இங்கே தண்ணீரிலிருந்து நம்மைக் காப்பாற்ற ஓரளவு உதவியது. மரங்களைச் சேர்த்துக் கட்டிய சங்கராவைப் பார்த்து வியந்த அந்தக் கிரேக்கக்காரர் இதையும் பார்த்திருந்தால், நம் தொழில்நுட்பம் இரண்டாயிரம் வருஷமாக ஒரே இடத்தில் உறுதியாக நிற்பதைக் குறித்திருப்பார்.

பாடம் 6: மறுபடியும் ஏரி

2019-ல் ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சீர்செய்து, நடைபாதை போட்டு, பூங்கா வைத்து, படகுச் சவாரியும் விட்டார்கள். நல்ல காரியம். ஏரியில் படகு ஓடுவதுதான் முறை. டிக்கெட் எடுத்து, உயிர்காப்புச் சட்டை மாட்டி, அணியத்தில் குழந்தை, அமரத்தில் படகோட்டி என்று போய் வரலாம். மேலே படித்த சொற்களை அங்கே பழகிக்கொள்ளுங்கள். ஒரு சாயங்காலம் போதும்.

ஏரிப் பாஷை அத்தனை சுலபம் இல்லை. அணியமும் அமரமும் தெரியாவிட்டால் படகுக்காரர் கத்திச் சொல்லிக் கொடுத்துவிடுவார். கலங்கலும் வரத்துக்காலும் தெரியாவிட்டால் கத்த ஆள் கிடையாது. டிசம்பரில் தண்ணீரே வந்து சொல்லிக் கொடுக்கும். கலங்கல் எது என்று தெரிந்த ஊருக்கு நங்கூரம் எது என்று தெரிய வேண்டிய அவசியம் வராது. அந்தச் சொற்களை மறந்ததற்குத்தான் இந்தச் சொற்களைப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே கடைசிப் பயிற்சி. அடுத்த முறை மனை பார்க்கப் போகும்போது கார்ப்பரேஷன் தண்ணீர், மெட்ரோ ரயில், இன்டர்நேஷனல் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் கேட்ட பிறகு, இரண்டே கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: "பக்கத்து ஏரிக் கலங்கல் எந்தப் பக்கம்? வரத்துக்கால் எது வழியாப் போகுது?" புரோக்கர் ஒரு கணம் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். பிறகு நெஞ்சில் கை வைத்துச் சொல்வார்: "சத்தியமா சொல்றேன் சார், இங்க தண்ணி நிக்கவே நிக்காது."

நம்புங்கள். அவர் பொய் சொல்லவில்லை. நிற்காது, ஓடும்.